ஆடுவது எது?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க வெற்றிக் கதையைச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மன்னிக்க வேண்டும், நான் ஒரு தோல்விக் கதையோடு வந்திருக்கிறேன். பயப்படாதீங்க, கதை முடியும்போது எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள்!

வாகனங்களில் எழும் அதிர்வையும் ஓசையையும் அளப்பது என் உத்தியோகம். சென்சார் ஒட்டி, கணினித் திரையில் கோடுகளைப் பார்த்து, எந்தப் பாகம் முனகுகிறது என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவிடம் ஒரு 1997 மாடல் மாருதி 800 இருக்கிறது. 1983 டிசம்பரில் முதல் கார் சாலைக்கு வந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன அதே மாருதி 800தான்.

ஒரு நாள் அப்பா போன் செய்தார். "முன்னாடி இடது பக்கம் கடகடன்னு சத்தம் வருதுப்பா. பிரேக் போட்டா ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது."

ஆபீசில் ஏதோ அவசரம். "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்ப்பா, ரெண்டையும் மாத்தச் சொல்லுங்க" என்றேன். மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. "அப்போ டை ராட் எண்டை மாத்தச் சொல்லுங்க" என்றேன். அதையும் மாற்றினார்கள். பில்லும் வந்தது, சத்தமும் வந்தது! ஒர்க் ஷாப்பைக் குறை சொல்ல வழியில்லை. நான் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். காரைத் தொடாமலே வைத்தியம் பார்த்தவன் நான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நாற்பது வருஷம் பட்டறையில் உழைத்த அண்ணாச்சி ஒருவரை அப்பா அழைத்து வந்தார். நான் என் பட்டியலை ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "என்னத்த எல்லாம் மாத்துனியன்னு பொறவு சொல்லுங்க தம்பி. மொதல்ல எது ஆடுதுன்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை.

பிற துறை நண்பர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். இந்தக் காரின் முன்பக்கம் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சக்கரத்துக்கு மேலே நிற்கும். கீழே லோயர் ஆர்ம் என்ற கை சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்தக் கையின் நுனியில் இருப்பது பால் ஜாயிண்ட். மனிதனின் தோள் மூட்டு மாதிரி, ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. இடது கையையும் வலது கையையும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி இணைக்கிறது. வளைவில் கார் சாயாமல் தடுப்பது மட்டும் அதன் வேலை இல்லை. இந்தக் காரில் கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். கம்பி கையோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். ரப்பருக்கும் வயசாகும் அல்லவா?

இனி அண்ணாச்சியின் சோதனை. முதலில் கார் தரையில் நிற்கும்போதே பானெட் முனையை அழுத்தி விட்டார். ஒரு தரம் எழுந்து அடங்கியது. குதித்துக்கொண்டே இருந்தால்தான் ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகம். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 3, 9 மணி இடங்களைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ராட் எண்ட், ஸ்டியரிங் ராக் பக்கம் பாருங்கள். 12, 6 மணி இடங்களில் ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். எங்கள் காரில் இடது சக்கரம் 12, 6 மணியில் 'டொக்' என்றது. "தம்பி, உள்ள ஏறி பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தேன். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் கோளாறு. நிற்கவில்லை. கடப்பாரையை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பால் ஜாயிண்ட் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ஸ்டெபிலைசர் பாரை நெம்பினார். புஷ் இருந்த இடத்தில் ரப்பர் தூள்தான் இருந்தது. பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து ஸ்டியரிங்கை இழுத்தது அதனால்தான்.

பத்து நிமிஷம். ஒரு கடப்பாரை. சென்சார் எதுவும் இல்லை!

"இந்த பால் கழண்டுச்சுன்னா சக்கரம் மடங்கிப் படுத்துரும் தம்பி. வண்டிய யாரு ஓட்டுதா?"

அப்பாதான் ஓட்டுகிறார். வாரம் இரண்டு நாள் அம்மாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவதும் அதே வண்டியில்தான். நான் போனில் பாகங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அந்த மூட்டை நம்பித்தான் இருவரும் பைபாஸில் போய் வந்திருக்கிறார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டு பக்கமும் பால் ஜாயிண்டோடு சேர்ந்த லோயர் ஆர்மும் புஷ்களும் புதிதாகப் போட்டோம். நான் முன்பு வீணடித்ததில் பாதிகூடச் செலவாகவில்லை. மாட்டும்போது அண்ணாச்சி சொன்ன மூன்று விஷயங்களை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, லோயர் ஆர்மின் உள்முனை போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறிய பிறகுதான். தொங்கும்போதே முறுக்கினால், இறக்கியதும் புஷ் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். இரண்டு, பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடாதீர்கள். துளை நேராக வரவில்லை என்றால் நட்டைச் சற்று இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள். மூன்று, வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஓரம் தேய்ந்து காசு கரையும்.

நண்பர்களே, நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகு மருந்தைத் தேடு என்று வள்ளுவர் வைத்தியனுக்கு வரிசை போட்டுக் கொடுத்தார். நான் மருந்துக் கடையிலிருந்து ஆரம்பித்தேன். அறிகுறியைக் கேட்டதும் பாகத்தின் பெயரைச் சொல்வது அறிவு போலத் தோன்றும். அது ஊகம்தான். ஊகத்தில் பாகம் மாற்றினால் பணம் போகும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. 'அதான் மாத்தியாச்சே' என்ற நிம்மதியில் உண்மையான பழுதைத் தேடாமல் விட்டுவிடுவோம்.

நம் கல்லூரிப் பட்டறையில் "கை வச்சுப் பாருடா, அப்புறம் பேசு" என்று சார் அதட்டுவார். அன்று சிரித்தோம். பதினைந்து வருஷம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் அதைத் திரும்பப் படித்தேன்.

கழற்றிய அந்த இடது லோயர் ஆர்மைக் கொண்டு வந்திருக்கிறேன். ஆட்டோமொபைல் லேபுக்கு என் சிறு காணிக்கை. தம்பி தங்கைகளே, ஒரு தடவை கையில் பிடித்து அசைத்துப் பாருங்கள். அந்த 'டொக்' உங்கள் விரலுக்குப் பழகட்டும்.

இப்போது அப்பா போன் செய்தால் நான் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சிகிட்ட காட்டினீங்களாப்பா?"