தேதி போட்டு எழுதுங்கள்

இன்று பட்டம் பெறும் செல்வங்களே!

நம் காந்திகிராமத்தில், காந்தியடிகளின் துணைவியார் கஸ்தூரிபா பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அந்த அம்மையாரின் கடைசி மாதங்களைப் பக்கத்திலிருந்து எழுதிவைத்தவர் பள்ளிப் பருவத்துப் பெண் ஒருவர். காந்தியடிகளுக்குப் பேத்தி முறையான மனு காந்தி, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றவர். 1943இல் நோயுற்ற கஸ்தூரிபாவைக் கவனித்துக்கொள்ள, புனேயில் சிறையாக்கப்பட்டிருந்த ஆகாகான் மாளிகைக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் குஜராத்தியில் டைரி எழுதினார். படித்த பாடம், நூற்ற நூல், செய்த பணிவிடை என அன்றாடச் செய்திகள்தாம். காந்தியடிகள் அதைப் படித்துக் கையொப்பமிடுவார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா மறைந்தார். அந்த மாதங்களை அறிய, ஆய்வாளர்கள் இன்று அந்த நோட்டைப் புரட்டுகிறார்கள்.

அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், நாஜிகளுக்கு அஞ்சி ஏழு பேருடன் ஒளிந்திருந்தாள். அவள் டைரியை மற்றவர்கள் விருப்பம்போல் பார்க்க முடியாது. அம்மாவோடு வந்த மனத்தாங்கலும் அதில் உண்டு. போர் முடிந்ததும் மக்களின் டைரிகள் திரட்டப்படும் என்று 1944 மார்ச்சில் வானொலியில் கேட்டவள், எழுதியதையெல்லாம் திருத்தி எழுத உட்கார்ந்தாள். ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டாள். மறுஆண்டு நாஜி முகாமில் மாண்டாள். சிதறிக் கிடந்த தாள்களை மீப் கீஸ் என்ற பெண் பொறுக்கியெடுத்து, படிக்காமலே மேசை இழுப்பறையில் பாதுகாத்தார். அந்த டைரி நூலானது 1947இல். சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

படிப்பின்போது கிராமங்களில் தங்கிக் கணக்கெடுத்தவர்கள் நீங்கள். எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்பதற்குப் படிவத்தில் கட்டம் உண்டு. கிணறு வற்றிய வருஷம் மகளின் படிப்பை நிறுத்தியதாக ஒரு தாய் சொன்னால், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அதற்கென்று தனி நோட்டுப் போடுங்கள். நாள், ஊர், கேட்டது கேட்டபடி, அன்றிரவே எழுதுங்கள். சொன்னவருக்குத் தொல்லை வருமென்றால் பெயரை மறைத்துக் காப்பாற்றுங்கள். எழுத வராதவர் சொல்வதை எழுதிக்கொடுங்கள். அடுத்தவர் எழுதிவைத்ததைப் பழைய பேப்பர்காரருக்குப் போகாமல் தடுங்கள்.

அந்த இரண்டு பெண்களுக்கும் பதவியில்லை, பட்டமில்லை, வெளியே போகும் உரிமைகூட இல்லை. உங்களுக்கு இம்மூன்றில் இரண்டு இன்றே கையில் இருக்கின்றன, பதவியும் வரும். பதவி வந்த பிறகும் உள்ளதை உள்ளபடி எழுதும் துணிவு உங்களிடம் நிலைக்கட்டும். வாழ்த்துகள்.