இயற்கை வைத்த வாசல்: நாட்பட்ட சைனஸ் நோயும் பலூன் சிகிச்சையும்

காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், பொது மருத்துவர்கள், முதுநிலை மாணவர்கள், செவிலியர்கள் எனப் பலரும் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு துளையைப் பற்றியது. கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் சளி இயல்பாக மூக்கில் வந்து சேரும் வாசல் அதுதான்.

தண்ணீர்த் தொட்டி கட்டுகிற கொத்தனார் வடிகுழாயை அடியில் வைப்பார். கன்ன சைனஸிலோ வடிகால் கூரையை ஒட்டி இருக்கிறது. அறையின் சுவரில் சுரக்கும் சளி கீழிருந்து மேலே ஏறித்தான் வெளியேற வேண்டும். அதை ஏற்றிவிடுவன உட்சுவரெங்கும் அடர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அவை ஒரே திசையில் அசைந்து, சளியை வாசலை நோக்கித் தள்ளுகின்றன. ஜலதோஷமோ ஒவ்வாமையோ வந்து வாசலோரச் சவ்வு வீங்கினால் வழி அடைபடுகிறது, சளி தேங்குகிறது. மூக்கடைப்பு, கெட்டிச் சளி, முகத்தில் கனம், வாசனை தெரியாமை போன்றவை 12 வாரங்களைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவம் அதை நாட்பட்ட சைனஸ் அழற்சி என்கிறது. சித்த மருத்துவத்தில் இதற்குப் பழைய பெயர் பீனிசம்.

இந்த வாசலின் அருமை நெடுங்காலம் தெரியாமலே போயிற்று. 1893-இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல்லும் 1897-இல் பாரிஸின் ஹென்றி லூக்கும் தனித்தனியே ஓர் அறுவை முறையை விவரித்தார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, கன்ன எலும்பில் சன்னல் திறந்து, நோயுற்ற சவ்வை உரித்தெடுத்து, மூக்கின் கீழ்ப்பகுதியில் புதிதாக ஒரு துளை போடுவார்கள். கீழே துளை இருந்தால் சளி தானாக வடியும் என்பது கணக்கு. கன்னம் வீங்கும், மேலுதடும் பல்லும் பல நாள் மரத்துக் கிடக்கும். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு இதுவே நிலைத்த சிகிச்சையாக இருந்தது.

கணக்கு தப்பு என்று காட்டியவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து வால்டர் மெசர்கிளிங்கர். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹெரால்டு ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு வில்லைகளால் மூக்கின் உட்புறத்தைத் துல்லியமாகப் பார்க்கும் எண்டோஸ்கோப் கிடைத்திருந்த காலம் அது. சளி போகும் பாதையைப் பொறுமையாகப் பின்தொடர்ந்த மெசர்கிளிங்கர், கீழே அகலமான துளை திறந்திருந்தாலும் சளி அதைத் தாண்டிக்கொண்டு பழைய வாசலுக்கே போவதைக் கண்டார். நுண்மயிர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எனவே சிகிச்சை செய்ய வேண்டிய இடமும் அந்த வாசல்தான் என்று ஆயிற்று. அவருடைய மாணவர் ஹெயின்ஸ் ஸ்டாம்பெர்கரும், அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் 1980-களில், எண்டோஸ்கோப்பின் துணையோடு அந்த வாசலைத் திறக்கும் அறுவை முறையை உலகெங்கும் கொண்டுசென்றார்கள்.

பலூன் வந்த வழி வேறு. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். அந்தப் பலூன்களை அவர் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே உருவாக்கிச் சோதித்திருந்தார். குழாயைத் திறக்கிற பலூன் மூக்கின் வாசலையும் திறக்குமா என்ற கேள்விக்கு விடை வர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சைனஸ் பலூன் கருவிக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டு மருத்துவர்கள் பிரவுன், போல்ஜர் இருவரும் வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்தவர்கள் 10 நோயாளிகள், விரிக்கப்பட்ட வாசல்கள் 18.

சிகிச்சை நடக்கும் விதத்தை இங்குள்ள மாணவர்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும். நோயாளி சாய்வு நாற்காலியில் விழித்தபடி இருக்கிறார். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சு அவர் மூக்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. பிறகு எண்டோஸ்கோப்பின் துணையோடு, நுனியில் ஒளிவிடும் மெல்லிய கம்பி ஒன்று உள்ளே போகிறது. அறையின் விளக்கைக் குறைக்கிறார்கள். கம்பி சரியாகச் சைனஸுக்குள் நுழைந்திருந்தால், கன்னத்துத் தோலின் அடியில் செந்நிற ஒளிப்புள்ளி ஒன்று மின்னுகிறது. நெற்றி சைனஸ் என்றால் புருவத்துக்கு மேலே மின்னும். அந்தக் கம்பியின் மேலேயே சுருங்கிய பலூனை நகர்த்தி வாசலில் நிறுத்தி, 10 முதல் 12 வளிமண்டல அழுத்தம் வரை உப்புநீர் ஏற்றிச் சுமார் பத்து நொடி வைத்திருக்கிறார்கள். விரிந்த பலூனின் விட்டம் 5 முதல் 7 மில்லிமீட்டர். சுற்றியுள்ள மெல்லிய எலும்பு நுண்ணியதாக விரிசல் கண்டு நகரும்போது நோயாளிக்கு நெறுநெறுவென்று சத்தம் கேட்கக்கூடும். சவ்வை வெட்டுவதில்லை, எலும்பை எடுப்பதில்லை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

பலன் என்ன? 2013-இல் வெளியான 'ரீமாடல்' ஆய்வு 92 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, பலூனையும் எண்டோஸ்கோப் அறுவையையும் ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் நோயின் தொந்தரவு இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைந்தது. தேறி எழ பலூன் பிரிவினருக்குச் சராசரியாக 1.6 நாளும், அறுவைப் பிரிவினருக்கு 4.8 நாளும் ஆயின. இந்த எண்களைச் சொல்லும்போது கூடவே சொல்ல வேண்டியவை இரண்டு. சேர்க்கப்பட்டவர்கள் சிக்கலில்லாத கன்ன சைனஸ் நோய் உள்ளவர்கள். ஆய்வுக்குப் பணம் தந்தது பலூன் கருவி தயாரிக்கும் நிறுவனம்.

எல்லைகள் தெளிவானவை. மூக்கில் பாலிப் நிறைந்திருந்தால் பலூன் மட்டும் உதவாது. கண்களுக்கு இடையே தேன்கூடு போல அறை அறையாக இருக்கும் எத்மாய்டு சைனஸில் அது புகுந்து வேலை செய்ய இயலாது. மேல்கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து சீழ் கன்ன சைனஸுக்கு ஏறியிருந்தால் முதலில் பல்லைத்தான் கவனிக்க வேண்டும். பூஞ்சைத் தொற்று என்றால் நோயுற்ற திசுவை அகற்றியே ஆக வேண்டும். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோயாளிகளை இரவு பகலாக அறுவை செய்த மருத்துவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்குழியும் மூளையின் அடித்தளமும் அருகிலேயே இருப்பதால், பலூனிலும் அரிதாக ஆபத்து உண்டு.

இந்த எல்லைகளை மறப்பதைவிடப் பரவலான தவறு ஒன்று உண்டு. 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லோருக்கும் சைனஸ் நோய் இருப்பதில்லை. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தும், நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் பற்றுப் போட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் மருத்துவரிடம் வருகிறார்கள். அமெரிக்காவில் 'சைனஸ் தலைவலி' என்று சொல்லப்பட்ட 2,991 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. அப்படிப்பட்டவருக்கு எந்த வாசலைப் பலூனால் விரித்தாலும் வலி அங்கேயே இருக்கும், செலவு மட்டும் மிஞ்சும். அதனால்தான் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2018 ஒருமித்த அறிக்கை, சைனஸ் நோய்க்கான அறிகுறியும் சி.டி. ஸ்கேன் சான்றும் இல்லாதவருக்குப் பலூன் பொருந்தாது என்றது. தலைவலிக்கோ தூக்கத்தில் மூச்சுத் தடைக்கோ மட்டும் அதைச் செய்யக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டது.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் உப்புநீர்க் கழுவலும் முறையாக, போதிய வாரங்கள் நடந்தனவா என்று கேட்காமல் எந்தக் கருவியையும் கையில் எடுக்கக் கூடாது. பலூன் திறப்பது வாசலை. சவ்வின் அழற்சி நீடித்தால் அந்த மருந்துகள் சிகிச்சைக்குப் பின்னும் தொடரும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் இந்தக் கருவிக்கு அவர் தம் சேமிப்பிலிருந்து பணம் கட்டும்போது, அவருக்கு அது ஏன் தேவை என்பதை அவர் மொழியிலேயே விளக்குவது மருத்துவரின் கடமை.

கட்டுரை வாசிக்க இருப்பவர்களுக்குத் தலைமையின் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சைக்கு முந்தைய சி.டி. படத்தையும் திரையில் காட்டுங்கள். நோயாளியே நிரப்பும் 22 கேள்விப் பட்டியலின் மதிப்பெண்ணைச் சிகிச்சைக்கு முன்பும் ஓராண்டுக்குப் பின்பும் சேர்த்துச் சொல்லுங்கள். பலூன் பலிக்காமல் மீண்டும் அறுவை தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் தவறாமல் தாருங்கள். முதல் அமர்வு, யாருக்குப் பலூன் வேண்டாம் என்பதைப் பற்றியது. அந்தக் கேள்வியோடு கருத்தரங்கு தொடங்குகிறது.