மருந்தின் நான்காம் கூறு

(விருத்தாசலத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட இவ்வூரில், மண் பிசைந்தும் சூளை வைத்தும் வாழும் நம்மவர் அவையில், தமிழாசிரியராகிய நாம் மருத்துவம் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். நாம் மருத்துவரல்லேம். ஆயினும் நம் குடும்பத்தில் ஒரு பிழை நேர்ந்தது. அது நம் வாய்ச்சொல்லால் நேர்ந்த பிழை. அதனை உங்கள் முன் வைப்பது கடமையெனக் கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நம் சிற்றப்பனார் மகனொருவன் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு உடல் மெலிவும், இடப்பக்க வயிற்றில் கனமும் கண்டன. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், நாள்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய் என்றனர். வீட்டார் கலங்கி அழுதனர். மருத்துவரோ அவனைப் படுக்கையில் கிடத்தாமல், நாள்தோறும் மாத்திரை உண்டு வருக என்று சொல்லி வீட்டிற்கே அனுப்பினர். சில திங்களில் அவன் முன்போலக் களிமண் மூட்டை தூக்கினான்.

ஆடி விரதம் வந்தது. "அண்ணா, உடம்பு நன்றாயிருக்கிறது, மாத்திரை போட்டால் குமட்டுகிறது. கொஞ்ச நாள் விட்டால் என்ன?" என்று நம்மைக் கேட்டான். நாமும் ஏட்டறிவை நம்பி, "மருந்து மிகுதலும் நன்றன்று, விரதம் முடியட்டும்" என்று விடையிறுத்தோம். சில நாள் சில வாரமாயிற்று. சில வாரம் திங்களாயிற்று. அடுத்த சோதனையில், அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கியிருந்தது. மருத்துவர் வேறு மருந்து தந்தனர், அவன் பிழைத்தான். பிழைத்தமையாலன்றோ நாம் இன்று நாணத்தோடேனும் உங்கள் முன் நிற்கிறோம்!

நாம் அன்று அறியாதது யாது? நோயின் இயல்பை அறியோம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், இந்நோயாளரின் இரத்த அணுக்களில் இயல்பினும் சிறுத்த குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 1973இல் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டமையே அதன் காரணம் என விளக்கினார். அம்மாற்றத்தால் உண்டாகும் புரதம், வெள்ளணுக்களை ஓயாது பெருகச் செய்கிறது. நம் குலத்தொழிலால் சொல்லின், அது நிறுத்துவாரின்றிச் சுழலும் சக்கரம். 2001இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த இமாடினிப் என்னும் மருந்து அச்சக்கரத்திற்கு இட்ட முட்டுக்கட்டை. கட்டையைப் பிடுங்கினால் சக்கரம் மீண்டும் சுழலுமன்றோ? நலமாயிருக்கிறோம் என்னும் உணர்ச்சி, கட்டை தன் வேலையைச் செய்கிறது என்பதற்குச் சான்றேயன்றி, கட்டை வேண்டா என்பதற்குச் சான்றன்று.

இம்மருந்து ஏழைக்கு எட்டியதும் எளிதில் வந்த பேறன்று. கிளிவெக் என்னும் பெயரில் இதனை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்நாட்டில் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. மும்பையைச் சார்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் அவ்வுரிமையை எதிர்த்து நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் முதல் நாளில் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ந்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மருந்தைத் தொடர்ந்து செய்து விற்க வழி நிலைத்தது. இவ்வளவு போராட்டத்தால் கைக்கு வந்த மாத்திரையை, கைசோர்ந்து நாம் இழக்கலாமா?

இனி உண்ணும் முறை. இமாடினிப்பை உணவோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் விழுங்குதல் வேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டல் மிகும். விழுங்க இயலாதார், 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் கரையவிட்டு, கலக்கி உடனே பருகலாம். பொடித்தலாகாது. ஆனால் இதே இனத்து நிலோடினிப் என்னும் மருந்தையோ வெறும் வயிற்றிலேயே உண்ணல் வேண்டும். ஆகவே ஒருவர் மருந்தின் விதியை மற்றொருவர் மருந்திற்குப் பொருத்தலாகாது.

இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். குறைந்தால் பாட்டுக் கெடும். ஈண்டு மாத்திரை குறைந்தால் உயிர்க்கே கேடு. நேற்று மறந்ததை இன்று சேர்த்து இரட்டித்தலும் கேடே. அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின், மறந்ததை விட்டு வழக்கம்போலத் தொடர்க. உண்டபின் வாந்தியெடுத்தால், தாமே மற்றொன்று உண்ணாது மருத்துவரைக் கேட்க.

பிற மருந்தோடு சேர்க்கையிலும் விழிப்பு வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதன் வலிமையைக் குறைக்கும். கிரேப்புருட் என்னும் பழம் இதன் அளவை உடலில் மிகுவிக்கும். அதன் இனமான பம்பளிமாசையும் தவிர்த்தல் நன்று. நாட்டு மருந்தாயினும் காய்ச்சல் மாத்திரையாயினும் மருத்துவரைக் கேளாது தொடலாகாது. கருவுற்றோரும், கருவுற எண்ணுவோரும், பாலூட்டுவோரும் முன்னரே அவரிடம் சொல்லல் வேண்டும். மாத்திரையைச் சூளையருகும் தகரக் கொட்டகையிலும் வைக்காது, குழந்தை கைக்கெட்டாத, ஈரமும் வெப்பமும் இல்லா இடத்தில் வைக்க.

கண்ணிமை வீக்கமும், கெண்டைக்கால் பிடிப்பும், குமட்டலும் பலர்க்கு வரும். அவற்றைச் சொன்னால் மருத்துவர் தணிக்க வழி செய்வர். காய்ச்சல், இரத்தக் கசிவு, கருமலம், மூச்சிரைப்பு, கண் மஞ்சளித்தல், உடல் எடை விரைந்து ஏறுதல் ஆகியவை கண்டால் காலந்தாழ்த்தாது செல்க. இரத்த அணு குறைந்தால் அவரே சின்னாள் நிறுத்தச் சொல்வதுண்டு. பல்லாண்டு நோய் ஆழ அடங்கிய சிலர்க்கு, இடையறாச் சோதனையோடு நிறுத்திப் பார்ப்பதுமுண்டு. நிறுத்தும் அதிகாரம் அவரதே, அண்ணனதன்று!

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். அவ்வதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்த நாம், நான்காம் கூறு நாமே என்பதை மறந்தோம். புதுச்சேரி ஜிப்மரிலும், முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் மருத்துவர் உளர். ஆனால் இம்மருந்து வீட்டில் உண்ணும் மருந்து. வீட்டிற்கு நாள்தோறும் மருத்துவர் வாரார்.

இப்பொழுது நம் தம்பி வீட்டில், இரவு உணவிற்குப் பின் அவன் மகள் நாட்காட்டியில் ஒரு கோடிடுகிறாள். கோடில்லா நாள் இல்லை. ஒரு சூளையின் தீயை இடையில் அவியவிட்டால் அத்தனை கலமும் வீணாகும் என்பதை நாம் யாவரும் அறிவோம். உங்களில் எவர் வீட்டிலேனும் இம்மாத்திரை இருப்பின், இன்றிரவே ஒரு கோடிடத் தொடங்குக என வேண்டி அமைகிறோம்.