உப்பளத்தில் படித்த பாடம்



தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் பொறியாளராகச் சேர்ந்த புதிது. பாத்தி நீர் சிவந்திருந்தது. அழுக்கென்று நினைத்து வடிக்கச் சொன்னேன். "வேண்டாம் சார், செவப்புத் தண்ணி நல்லா சூடேறும், உப்பு சீக்கிரம் விளையும்" என்றார் மூத்த தொழிலாளி. தலைகுனிந்தேன்.

அந்தச் சிவப்பில் துனாலியெல்லா சலைனா என்ற பாசிக்கும் பங்குண்டு என்று பிறகு படித்தேன். வெயில் அதன் டி1 ஒளிச்சேர்க்கைப் புரதத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். பாசி புதுப்பித்துக்கொண்டே இருக்கும். உப்பு திடீரென்று ஏறினால் அந்தப் பழுதுபார்ப்பு தளரும், ஒளிச்சேர்க்கை குறையும். உடனே கிளிசராலைச் சேர்த்து உப்பை ஈடுகட்டும், பீட்டா கரோட்டினைத் திரட்டி வெயிலுக்குக் குடைபிடிக்கும், மெல்ல மீளும்.

தம்பிகளா, சேதம் எல்லாருக்கும் வரும். பழுதுபார்க்கிறதை மட்டும் நிறுத்திடாதீங்க.