முடியாதுன்னு சொல்றதும் ஒரு சேமிப்புதான்

நான் பத்தாவது வரை படிச்சவ. எனக்குத் தெரிஞ்சதை மட்டும் பேசுறேன்.

நம்மில் சில பேருக்கு யாராவது சத்தமாப் பேசினாலே நெஞ்சு படபடக்கும். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு நம்ம தூக்கம் போயிடும். ஒருத்தர் முகம் வாடினா, நாம என்ன செஞ்சோமோன்னு நாள் பூரா மனசு அரிக்கும். ஊர்ல 'தொட்டாச்சிணுங்கி'ன்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான். எலைன் ஆரன் என்கிற அமெரிக்க மனநல ஆராய்ச்சியாளர் 1996-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினாங்க. 100 பேர்ல 15 முதல் 20 பேர் இப்படி இருப்பாங்க, இது நோய் இல்லை, பிறவிக் குணம் என்பது அவங்க கருத்து. அப்படின்னா 12 பேர் இருக்கிற குழுவுல சராசரியா ரெண்டு பேர் இருப்போம்.

இந்தக் குணத்துல நல்லதும் இருக்கு. கூட்டத்துல ஒருத்தி பேசாம உட்கார்ந்திருந்தா முதல்ல கவனிக்கிறது நாமதான். ஆனா 'முடியாது'ங்கிற வார்த்தை நம்ம வாயில வராது. அங்கதான் ஆபத்து.

எனக்கு வேண்டிய ஒருத்தங்க, "உன் பேர்ல வெளியில ஒரு லோன் எடுத்துக் குடு, தவணையை நான் கட்டிடுறேன்"னு கேட்டாங்க. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. தவணை நின்னா என் வாசல்லதான் வந்து நிப்பாங்க. முடியாதுன்னா உறவு போயிடும். அப்போ நம்ம சங்கத்தை நினைச்சேன். எவ்வளவு அவசரம்னாலும் கூட்டம் கூடாம, தீர்மானம் எழுதாம பணம் தர்றோமா? அதை யாரும் கல்மனசுன்னு சொல்றதில்லையே. விதி இருக்கிறதாலதான் சங்கம் நிக்குது. மறுநாள் சொன்னேன்: "அக்கா, என் பேர்ல யாருக்கும் கடன் எடுக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க குழுவுல கேளுங்க, துணைக்கு நான் வர்றேன்." ஒரு மாசம் அவங்க முகம் குடுத்துப் பேசல. கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா சொன்னதை மாத்திக்கல. இப்போ பேசுறாங்க.

நம்ம திருக்கோவிலூர் இடைகழிக் கதை எல்லாருக்கும் தெரியும். மழை ராத்திரியில முதலாழ்வார் மூணு பேரும் ஒதுங்கின சின்ன இடம். ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம், மூணு பேர் நிக்கலாம். வந்தவங்களுக்கு இடம் குடுத்தாங்க. ஆனா இடம் குடுத்தவர் மழையில இறங்கிப் போகல. நாமதான் எல்லாருக்கும் இடம் விட்டுட்டு வெளியில நனையறோம்.

நான் கடைப்பிடிக்கிறது ரெண்டே. யார் எதைக் கேட்டாலும் "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லிடுவேன். சாயந்திரம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் பின்வாசல்ல தனியா உட்காருவேன். "என்ன சும்மா உட்கார்ந்திருக்கே"ன்னு அத்தை கேட்டாங்க. "தலை பாரமா இருக்கு அத்தை, அரைமணியில வந்துடுறேன்"னேன். இப்போ பிள்ளைங்க ஓடி வந்தா அவங்களே தடுக்கிறாங்க.

ஒண்ணு மறக்காதீங்க. அடி, மிரட்டல் இதெல்லாம் நம்ம மென்மையான மனசால வர்றது இல்லை. அதுக்கு 181-க்குப் போன் பண்ணுங்க. மனசு தாங்கலைன்னா 14416, டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

குழுத் தலைவி அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துல ஒருத்தி "என்னால முடியாதுக்கா"ன்னு சொன்னா, ஏன் ஏன்னு மூணு தடவை கேட்காதீங்க. அதைச் சொல்ல அவ எத்தனை ராத்திரி முழிச்சிருந்தாளோ.