ஆசிரியர்க்கு ஊதிய உயர்வு வேண்டுமா?

ஆசிரியரைப் புகழ்வதில் தமிழ் மக்கள் ஒருகாலும் குறை வைத்ததில்லை. தாய் தந்தையர்க்கு அடுத்த இடத்தைக் குருவுக்கு அளித்து, தெய்வத்தையும் அவருக்குப் பின்னே வைத்த மரபு அவர்களுடையது. ஆயினும், அக்குருவின் வீட்டில் மாதக் கடைசியில் அடுப்பு எரிவது எவ்வாறு என்ற வினா எழுமாயின், புகழ்ந்த நாவே சற்றுத் தயங்குகின்றது. ஆசிரியரின் ஊதியத்தை உயர்த்துதல் நியாயமா என்னும் இவ்வினா இலங்கையில் அண்மைக் காலத்தில் வீதிவரை வந்த வினாவாகும். திருக்கோணமலை மாவட்டத்தை முன்வைத்து இதனை ஆராய்தல் தகும். துறைமுகப் பட்டினத்தின் பெரிய கல்லூரிகளும், கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூர், வெருகல் முதலிய இடங்களின் சிறு பாடசாலைகளும் அங்கே ஒரே மாவட்டத்துள் அடங்கியுள்ளன.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளி ஆசிரியர்க்கு ஊரவர் நெல்லும் காய்கறியும் கொடுத்தனர். விசயதசமியன்று தட்சிணை வைத்தனர். பின்னர்க் கிறித்தவச் சபையாரும் சைவப் பெருமக்களும் பாடசாலைகளை நிறுவினர். திருக்கோணமலை இந்துக் கல்லூரி 1897 ஆம் ஆண்டில் தோன்றியது இவ்வாறே. அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலை ஆசிரியர்க்கும் தாய்மொழிப் பாடசாலை ஆசிரியர்க்கும் இடையே சம்பளத்தில் பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்று வந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அன்று தொட்டு ஆசிரியரின் சம்பளம் நாட்டு மக்கள் அனைவரும் வரியாகச் செலுத்தும் பொதுப் பணத்தைச் சார்ந்த விடயமாயிற்று.

ஊதிய உயர்வை மறுப்போர் முதலில் எடுத்துக் காட்டுவது தியாகத்தை. திருக்கோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் நிருவாகத்தில் இருந்த காலத்தில் சுவாமி விபுலானந்தர் அங்கே அதிபராகப் பணிபுரிந்தார். பொருள் கருதாது உழைத்த அத்தகையோர் இன்று எங்கே என்று இவர்கள் வினவுகின்றனர். அடிகளாரின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அவர் துறவி. அவருக்கு வீட்டு வாடகை இல்லை. பிள்ளைகளின் உணவுக்கும் மருந்துக்கும் பணம் தேட வேண்டிய கடமை இல்லை. துறவியை அளந்த கோலால் இல்லறத்தாரை அளப்பது முறையாகாது. விரும்பி ஏற்பதே தியாகம்; பிறர்மேற் சுமத்தப்படுவதற்கு அப்பெயர் பொருந்தாது.

இனி நடந்தவற்றை நோக்குவோம். 1997 ஆம் ஆண்டுச் சம்பள மறுசீரமைப்பின் பின்னர்த் தாம் ஏனைய அரச சேவையினரிலும் பின்தள்ளப்பட்டதாக ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலமாக முறையிட்டு வந்தன. கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அவை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அப்புறக்கணிப்பு அக்டோபர் வரை நீடித்தது. அதன் பயனாக 2022 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டுச் சம்பளம் ஓரளவு கூட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டிற்று. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் அரிசிக் கடையில் வைத்துவிட்டு ஆசிரியர் வீடு திரும்பினார். கோரியதில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது, எஞ்சிய இரு பங்கும் வேண்டும் என்று 2024 சூன் மாதத்தில் அவர்கள் மீண்டும் கொழும்பு வீதிகளில் இறங்கினர். அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்தும் திட்டம் 2025 இல் தொடங்கப்பெற்றது.

எதிர்த்தரப்பாரின் வாதங்களையும் நடுநின்று கேட்டல் வேண்டும். நன்னூலார் நல்லாசிரியர்க்குக் கூறிய உவமைகளுள் நிறைகோலும் ஒன்றன்றோ?

அவர்களின் முதல் வாதம் பணத்தைப் பற்றியது. நாட்டின் அரச பாடசாலைகளில் ஏறத்தாழ 2,40,000 ஆசிரியர் உளர். ஒவ்வொருவர்க்கும் மாதம் 1,000 ரூபா கூட்டினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 288 கோடி ரூபா வேண்டும். கடன்பட்ட நாட்டுக்கு இஃது எளிதான தொகையன்று. இரண்டாவது வாதம், ஆசிரியரின் வேலைநேரம் குறைவு, விடுமுறை மிகுதி என்பது. மூன்றாவது வாதமே கனமானது: வேலைநிறுத்தத்தால் நட்டமடைவது ஏழைக் குழந்தையே. வசதியுள்ளவன் தனியார் வகுப்பை நாடினான்; 2021 இல் கைத்தொலைபேசியும் இல்லாத மீனவன் மகள் வீட்டிலேயே இருந்தாள். இதனை ஆசிரியர் சங்கங்கள் மறுத்தற்கில்லை.

எனினும், குறைந்த ஊதியத்தின் விலையையும் அதே குழந்தைதான் கொடுக்கின்றாள். மாதச் சம்பளம் போதாத ஆசிரியர் மாலையில் தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்கின்றார். காலையில் வகுப்பறையிற் செலவாக வேண்டிய ஆற்றல் மாலைக்கெனச் சேமிக்கப்படுகின்றது. இலவசக் கல்வி என்று பெயர். பெற்றோர் கட்டணம் செலுத்துவதோ மாலையில். கட்டணம் செலுத்த இயலாதவரின் பிள்ளை பாதிப் பாடத்தோடு நிற்கின்றது. கொப்பி திருத்துதலும் மறுநாட் பாடத்துக்கு ஆயத்தஞ் செய்தலும் மணியடித்த பின்னரே நிகழ்வன; அவற்றை வேலைநேரக் கணக்கிற் சேர்ப்பார் எவருமிலர்.

கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இது மேலும் தெளிவாகும். ஒருகாலத்தில் மூதூருக்கு வள்ளம், கிண்ணியாவுக்குத் துறைப்படகு என்று நீரை நம்பியே பயணம் இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் வழி எளிதாயிற்று. ஆயினும் வழி எளிதானமையால் ஆசிரியர் அங்கே நிலைத்துவிட்டார் என்று கொள்வதற்கில்லை. கஷ்டப் பிரதேசம் என்றும் அதிகஷ்டப் பிரதேசம் என்றும் வகுக்கப்பட்ட இடங்களுக்கு நியமனம் பெறுவோர், உரிய காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் பட்டினத்துக்குத் திரும்ப முயல்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. குடும்பம் ஓரிடத்திலும் தொழில் ஓரிடத்திலுமாக இரு அடுப்பு மூட்டும் ஒருவரின் சம்பளம் பேருந்துக் கட்டணத்திலும் வாடகையிலும் கரைகின்றது. கணித ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் நிலைக்காத பாடசாலையில், உயர்தர விஞ்ஞானப் பிரிவைப் பற்றி ஒரு மாணவி கனவு காணவும் இயலாது.

போர்க்காலத்தில் இவ்விடத்தை நிரப்பியோர் தொண்டர் ஆசிரியர்கள். முறையான நியமனம் இன்றி, சிறு தொகைக்கோ தொகையின்றியோ, வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் வகுப்புகளை நடத்தினர். பின்னர் நிரந்தர நியமனம் வேண்டிப் பல்லாண்டு போராட நேர்ந்தது. அவர்களின் அர்ப்பணிப்பைப் பாராட்டுதல் எளிது. அதனையே கல்விக் கொள்கையாக்குதல் தகாது.

ஐக்கிய நாடுகளின் கல்வி நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் சார்ந்த மாநாடொன்று 1966 அக்டோபர் 5 ஆம் நாள் ஆசிரியரின் நிலைபற்றிய பரிந்துரையை ஏற்றது. ஒத்த தகுதி வேண்டும் ஏனைய தொழில்களோடு ஒப்பிடத்தக்க ஊதியம் ஆசிரியர்க்கு அளிக்கப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. துறைமுகமும் வங்கியும் உள்ள பட்டினத்தில் இக்கருத்தின் நியாயம் எளிதில் விளங்கும். கெட்டிக்கார இளைஞன் எத்தொழிலை நாடுவான் என்பதைச் சம்பளப் பட்டியலே பெரிதும் தீர்மானிக்கின்றது.

ஆதலின் ஊதியம் உயர்த்தப்படல் வேண்டும். ஆனால் எல்லார்க்கும் ஒரே அளவாகப் பங்கிடும் உயர்வு அக்கரைக் குழந்தைக்கு உதவாது. அடிப்படைச் சம்பளம் வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து நகர வேண்டும். அதற்கு மேல், வெருகலிலும் குச்சவெளியின் உட்பகுதிகளிலும் தங்கிக் கற்பிப்போர்க்கு மனம் கொள்ளத்தக்க கொடுப்பனவும் குடியிருக்க விடுதியும் வேண்டும். அவ்வாறு அளிக்கும் சமூகம், தன் மாணவரிடம் கட்டணம் பெற்று மாலையிற் கற்பிக்கலாகாது என்று ஆசிரியரிடம் உரிமையோடு கேட்கலாம். இன்று அவ்வாறு கேட்கும் தகுதி அதற்கு முழுமையாக இல்லை. ஆசிரியரின் ஊதியத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவோர், பாதியிற் படிப்பை விட்ட பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவர் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.