படித்த ஆயரும் படிக்கும் ஆயரும்



இறையியல் பட்டதாரிகளே, உங்களில் பலர் விரைவில் ஏதோ ஒரு சேகரத்தில் உதவி ஆயராகப் பொறுப்பேற்கப் போகிறீர்கள். நீங்கள் படித்த படிப்பு யாரால் இப்படி அமைந்தது என்பதைச் சொல்லி அனுப்ப விரும்புகிறேன்.

1518 ஆகஸ்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் கிரேக்கம் கற்பிக்க வந்தார் பிலிப் மெலாங்தன். வயது 21. முதல் உரையிலேயே பாடமுறையை மாற்றச் சொன்னார்: உரைகளுக்கு எழுதிய உரைகளை ஒப்பித்தது போதும், மூல நூல்களை மாணவரே வாசிக்கட்டும். தம்மைவிட 13 வயது இளையவரான அவரிடம், அங்கே பேராசிரியராக இருந்த சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தரே கிரேக்கம் கற்றார்.

ஆனால் பல்கலைக்கழகம் திருந்தியதும் ஊர்ச்சபைகள் திருந்திவிடவில்லை. 1528இல் சாக்சனியின் சபைகளைப் பார்வையிட்ட லூத்தர், கற்பிக்கத் தெரியாத ஆயர்கள் பலரைக் கண்டு மனம் நொந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசம் அந்த வேதனையில் பிறந்தது.

பல்கலைக்கழகத்துக்கும் ஊர்ச்சபைக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் குறைக்கப் பிற்காலத்தில் முயன்றவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜெர்மனியின் ஹாலே நகரத்து அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பக்கத்து ஊரான கிளவுக்காவில் ஆயர். அங்கே அவர் தொடங்கிய பள்ளிகளில் இறையியல் மாணவர்கள் பாடம் நடத்தினார்கள். அதற்குக் கைம்மாறாக இலவச உணவு பெற்றார்கள். எபிரேய இலக்கணம் படித்தவர் அநாதைப் பிள்ளைக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். குழந்தைக்குப் புரியும்படி சொல்லத் தெரியாதவர் பீடத்தில் ஏறி என்ன சொல்லிவிட முடியும்? அந்த ஹாலேயில்தான், இந்தியாவில் ஊழியம் செய்து திரும்பிய மிஷனரி ஷுல்ட்சேயிடம் தமிழ் கற்று, 1750இல் நம் கரைக்கு வந்தார் மிஷனரி ஷ்வார்ட்ஸ்.

பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஒருவரையும் மறக்காதீர்கள். கடலூரில் பிறந்த ஆரோன் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தபின், 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் ஆயர் அவர். மக்களிடையே பெற்ற பயிற்சியே அவரை உருவாக்கியது.

சேகரத்துக்குப் போனதும் கமிட்டிக் கூட்டம், கட்டட நிதி, கல்லறைத் தகராறு என்று நாட்கள் ஓடும். புத்தகப் பெட்டி பிரிக்கப்படாமலே கிடக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது கிரேக்கப் புதிய ஏற்பாட்டோடு உட்காருங்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை நீங்களே எடுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் பேராயப் பெரியோரே, இந்த இளம் ஆயர்கள் படிப்பதற்கு நேரமும் புத்தகம் வாங்கப் பணமும் தயவுசெய்து கொடுங்கள்.